ஒரு மாதக் கொண்டாட்டம், ஒரு வருட வேலை

அமெரிக்காவில் பிப்ரவரி தோறும் கொண்டாடும் கறுப்பின வரலாற்று மாதத்தின் கதை ஒரு சுரங்க ஊரிலிருந்து தொடங்குகிறது. அந்நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நியூ ரிவர் ஆற்றங்கரை மலைச்சரிவில் நட்டல்பர்க் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர் இருந்தது. 1890-களின் தொடக்கத்தில், வேலை முடிந்ததும் அங்குள்ள கறுப்பினத் தொழிலாளர்கள் ஆலிவர் ஜோன்ஸ் என்பவரின் வீட்டில் கூடுவார்கள். ஜோன்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட படைவீரர். வீட்டிலேயே பழமும் ஐஸ்கிரீமும் விற்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களை வாங்கி அடுக்கி வைத்திருந்தார், செய்தித்தாள்களும் வரவழைத்தார். வந்து உட்காருபவர்களில் ஓர் இளைஞருக்கு மட்டும் நன்றாகப் படிக்க வரும். அவர் பேப்பரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், பதிலுக்கு அவருக்குத் தின்பண்டம் இலவசம். இதுதான் ஏற்பாடு.

அந்த இளைஞர் கார்ட்டர் ஜி. வுட்சன். அடிமைகளாக இருந்து விடுபட்ட தாய் தகப்பனுக்கு 1875-இல் பிறந்தவர். 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு அடுத்து அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். 1915-இல் சிகாகோவில் கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் அந்தச் சங்கம் முதல் 'நீக்ரோ வரலாற்று வார'த்தை அறிவித்தது. லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12, அடிமைநிலையிலிருந்து தப்பி வந்து விடுதலைக்காகப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது பிப்ரவரி 14. இரண்டையும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்ததால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அது மாதமாக விரிந்து, 1976-இல் ஜனாதிபதி ஃபோர்டின் அறிவிப்போடு நாடு முழுவதும் கறுப்பின வரலாற்று மாதம் ஆனது.

வுட்சன் நினைத்தது என்ன என்பது இங்கே முக்கியம். வருடம் முழுக்க வகுப்பில் படித்ததை அந்த ஒரு வாரத்தில் ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டு விழா நடப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழா மட்டும் நடத்திவிட்டு வகுப்பே நடத்தாத பள்ளியை யாரும் பள்ளி என்று சொல்லமாட்டார்கள். இன்று பல இடங்களில் நடப்பது அதுதான். பிப்ரவரி பிறந்ததும் தாழ்வாரத்தில் நான்கைந்து படங்கள் ஏறும், மார்ச் 1 அன்று இறங்கும். ரோசா பார்க்ஸ் படத்துக்குக் கீழே, வேலை முடிந்த களைப்பில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த தையற்காரப் பெண் என்று எழுதியிருக்கும். அவர் 1943-இலிருந்தே மாண்ட்கோமரியில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் செயலாளர் என்பதும், 1955 டிசம்பரில் கைதாவதற்குச் சில மாதங்கள் முன்பு டென்னசியில் போராட்டக்காரர்களைப் பயிற்றுவித்த ஹைலேண்டர் பள்ளியின் பயிற்சி முகாமில் உட்கார்ந்து பாடம் கேட்டவர் என்பதும் அந்தப் படத்துக்குக் கீழே இருக்காது. படித்து, பேசி, பயிற்சி எடுத்து வந்த ஒருவரை வெறும் கால்வலிக்காரராக ஆக்கிவிடுகிறோம்.

ஆகவே ஒரு தெருவிலோ, ஒரு தமிழ்ச் சங்கத்திலோ, ஒரு நூலகத்திலோ 8 முதல் 12 பேர் சேர்ந்தால் வருடம் முழுக்கச் செய்யக்கூடிய மூன்று வேலைகளைப் பற்றி இங்கே எழுதுகிறோம். பழைய கையெழுத்து ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்வது, ஒரு பிள்ளையோடு வாராவாரம் உட்காருவது, கைவிடப்பட்ட கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பது. இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1946-இல் வந்த சட்டப்படி இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். அந்தக் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்றுதான் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. இனத்தை வைத்து ஆளைப் பிரிப்பது அவமானம் என்று அந்த நாட்டையே ஒத்துக்கொள்ள வைத்த போராட்டத்தின் பலன் இரண்டும். அடி வாங்கியவர்கள் அவர்கள், விசா வாங்கியவர்கள் நாம். அதனால் நம் வீடுகளில் கறுப்பின மக்களைக் குறித்துச் சர்வ சாதாரணமாகப் புழங்கும் சில சொற்களை முதலில் நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வருவது நல்லது.

முதலில் ஆவணங்கள். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், விடுதலையான மக்களுக்காக அமெரிக்க அரசு ஓர் அலுவலகம் திறந்தது. சுருக்கமாக ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்பார்கள். 1872 வரை இயங்கியது. உணவுப் பங்கீடு, கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, பள்ளிக்கூட அறிக்கை, அடி உதை பற்றிய புகார் எல்லாம் அங்கே கைப்பட எழுதி வைக்கப்பட்டன. இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1850, 1860 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கு என்று தனிப் பட்டியல் உண்டு. அதில் உடைமையாளர் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று கோடுகள் இருக்கும், பெயர் இருக்காது. 1870 கணக்கெடுப்பில்தான் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக வருகிறது. தங்கள் வேரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் முட்டி நிற்கும் இந்த இடத்தை '1870 சுவர்' என்கிறார்கள். அந்தச் சுவரில் இருக்கும் சில கதவுகளில் இந்தப் பீரோ ஆவணங்களும் ஒன்று. பக்கங்கள் ஸ்கேன் ஆகி இணையத்தில் உள்ளன. ஆனால் பழைய கையெழுத்தைக் கணினியால் நம்பகமாகத் தேட முடிவதில்லை. யாராவது படித்துத் தட்டச்சு செய்தால்தான் ஒரு பேத்திக்குத் தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் அகப்படும். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். உலகில் எங்கிருந்தும் செய்யலாம், சென்னையிலிருந்தும்.

கூட்டமாக உட்கார்ந்து செய்வதற்கு ஏற்ற நாள் பிப்ரவரி 14. டக்ளஸுக்குத் தான் பிறந்த தேதி தெரியாது, அதனால் இந்த நாளை அவரே தேர்ந்தெடுத்தார். வாஷிங்டன் பள்ளிகளில் 1897-இல் மேரி சர்ச் டெரல் என்ற கறுப்பினக் கல்வியாளர் இந்த நாளை டக்ளஸ் தினமாகத் தொடங்கி வைத்தார். 2017-இலிருந்து அதைக் கறுப்பின ஆவணங்களைக் கூட்டாகத் தட்டச்சு செய்யும் நாளாக மீட்டெடுத்திருக்கிறார்கள். பால்டிமோர் தெருப் பையன்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து எழுத்து கற்றுக்கொண்டவர் டக்ளஸ். அவர் பெயரில் கேக் வெட்டுவதைவிட ஒரு பக்கம் படித்து வைப்பது பொருத்தம்.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 12 பேர் என்றால் 6 கணினி போதும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பக்கத்தைப் பெரிதாக்கி உரக்கப் படிக்க, மற்றவர் தட்டுவது நல்லது. தனியாகச் செய்யும்போது கண் தன் இஷ்டத்துக்கு ஊகித்துக்கொண்டு போகும், வாய்விட்டுப் படிக்கும்போது ஊகம் மாட்டிக்கொள்ளும். முதல் 20 நிமிடம் எல்லோரும் ஒரே பக்கத்தைச் சேர்ந்து படியுங்கள். புதிதாக வருபவர் இரண்டு மணி நேரத்தில் நாலைந்து பக்கம் முடித்தால் அதுவே நல்ல வேகம்.

தப்பு எங்கே வரும் என்றால், முதலில் எழுத்துப்பிழையைத் திருத்தும் ஆசையில். எழுத்தர் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே தட்ட வேண்டும். கணினியின் தானியங்கித் திருத்தத்தைத் தொடங்கும்போதே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு குடும்பப் பெயரையே மாற்றிவிடும். அதே ஆள் ஒரு பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் இன்னொரு பக்கத்தில் வேறு எழுத்துக்கூட்டலிலும் வந்தால், ஒரே மாதிரி ஆக்காதீர்கள். இரண்டு பேராகக்கூட இருக்கலாம். வில்லியம், ஜேம்ஸ், சார்ல்ஸ் போன்ற பெயர்களை இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கி, கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதுவது அந்தக் கால வழக்கம். அதை விரிக்காமல் விடுங்கள். இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்து நீண்டு 'எஃப்' போலத் தெரியும். 'அல்ட்' என்றால் போன மாதம், 'இன்ஸ்ட்' என்றால் நடப்பு மாதம். 'டூ' என்று படிக்கத் தோன்றும் இரண்டெழுத்து பெரும்பாலும் 'மேற்படி' என்பதன் சுருக்கம். படிக்க முடியாத சொல்லுக்கு இரட்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். தப்பான ஒரு பெயர் வெற்றிடத்தைவிட மோசம், ஏனென்றால் வெற்றிடத்தை அடுத்தவர் நிரப்புவார், தப்பான பெயரைச் சரி என்று நம்பிக் கடந்துபோவார். நீங்கள் முடித்ததை இன்னொரு தன்னார்வலர் சரிபார்ப்பார், பிறகு அருங்காட்சியகத்தார் ஏற்பார்கள். ஆகவே பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கூலி ஒப்பந்தங்களின் அடியில் ஒருவரின் பெயரை எழுத்தர் எழுதியிருப்பார், பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், அதைச் சுற்றி 'அவருடைய குறி' என்று இருக்கும். அந்தக் குறி மட்டும்தான் அந்த ஆளின் கை. அதையும் தட்டச்சில் சேர்க்க வேண்டும். திருமணப் பதிவுகள் இன்னும் கனமானவை. சில மாநிலங்களின் படிவத்தில், முன்பு வேறொருவரோடு எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தீர்கள், எதனால் பிரிந்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று கட்டங்கள் உண்டு. பிரிந்த காரணத்தில் சாவு என்று இருக்கும், பலவந்தம் என்று இருக்கும், விற்கப்பட்டார் என்று இருக்கும். ஒரே சொல், ஒரே கட்டம். பிள்ளைகளோடு உட்காருவதாக இருந்தால் பெரியவர்கள் முந்தின நாளே அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்துவிட வேண்டும். சிறுவர்களுக்குப் பள்ளிக்கூட அறிக்கைகளைக் கொடுங்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேருக்குப் பெருக்கல் தெரியும் என்று வரும் பக்கங்கள் அவர்களுக்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் எந்த வயதிலும் செய்யாதீர்கள்: அடிமைச் சந்தையை நாடகமாக நடித்துக் காட்டுவது. பாடம் மனதில் நிற்கும் என்று நினைத்துச் சில வகுப்புகளில் செய்கிறார்கள். நிற்பது பாடம் இல்லை, அந்த வகுப்பில் இருக்கும் கறுப்பினப் பிள்ளையின் அவமானம்.

இரண்டாவது வேலை, பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பது. இதற்கு நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த முன்மாதிரி தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜான்ஸ் தீவில் இருக்கிறது. அங்கே வாக்காளராகப் பதிவு செய்ய மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி இருந்தது. கறுப்பின மக்களைத் தள்ளிவைக்கத்தான் அந்த விதி. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து நகரத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டினார். போகும் வழியில் அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். அலிஸ் வைன் என்ற பெண் அதை மனப்பாடம் செய்தே பதிவு செய்துவிட்டார். ஆனால் மனப்பாடம் போதாது, எனக்கு உண்மையாகவே படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அங்கிருந்துதான் குடியுரிமைப் பள்ளி பிறந்தது.

1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்பு. முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெள்ளையர் சந்தேகப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. முதல் இரவு வந்தவர்கள் 14 பேர். திட்டத்தை வடிவமைத்தவர் செப்டிமா கிளார்க். 40 வருடம் ஆசிரியையாக இருந்து, உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த ஒரே குற்றத்துக்காக 1956-இல் வேலையும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டவர். வகுப்பு எடுக்க அவர் அழைத்தது ஒரு அழகு நிலையக்காரரை, பெர்னிஸ் ராபின்சனை. பட்டம் பெற்ற ஆசிரியர் வந்தால் பெரியவர்கள் கூசிப்போவார்கள் என்பது காரணம். சிகை அலங்காரக் கடையில் மணிக்கணக்காகப் பேச்சைக் கேட்டுப் பழகியவருக்குக் கூச்சத்தைப் போக்கத் தெரியும் என்பது இன்னொரு காரணம். ராபின்சன் முதலில் குழந்தைகளின் பாடப் புத்தகங்களைக் கொண்டு போனார். அது சரிவராது என்று முதல் நாளே புரிந்துபோனது. என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று வந்தவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், பிள்ளை போடும் கடிதத்தைப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அங்கேயே தயாரானது. கையெழுத்துக்கு ஒரு அருமையான உத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுப்பார்கள். அதன் மேலேயே பென்சிலால் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கு எழுத்தின் வளைவு முதலில் விரலில் பழகும், பிறகுதான் கண்ணில். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இந்தக் காரணத்தால்தானே.

இன்று ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ தேவாலயத்திலோ கறுப்பினப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகச் சேர நினைப்பவர்கள் ராபின்சனின் அந்த முதல் இரவை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். நாமாகப் புது அமைப்பு தொடங்கவும் வேண்டாம். அந்தப் பகுதியில் வருடக்கணக்காக இதைச் செய்துவரும் தேவாலயமோ மன்றமோ இருக்கும், அவர்கள் கீழ் போய்ச் சேருங்கள். பின்னணிச் சோதனைக்குச் சில வாரம் ஆகலாம், ஆகவே பள்ளி திறப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம், நாலு பேர் கண்ணில் படும் இடம். தனிப்பட்ட செயலிகளில் பிள்ளைக்குச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் வழியாக மட்டும். பரிசுப் பொருள் வேண்டாம். பரிசு கொடுக்க ஆரம்பித்தால் உறவு அதன் மேல் சாய்ந்துவிடும்.

கால அளவில்தான் நல்ல மனமுள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டல் உறவுகளில் பிள்ளைகளுக்கு மிகுந்த பலன் கிடைத்தது. சில மாதங்களிலேயே அறுந்துபோன உறவுகளில் சில பிள்ளைகளின் தன்னம்பிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே பல பேர் வந்து போன வாழ்க்கையில் இன்னொருவரும் வந்து போவது அந்தப் பிள்ளைக்கு ஒரு செய்தி. பிப்ரவரிக்கு மட்டும் வர முடியும் என்றால் தயவுசெய்து இந்த வேலைக்கு வராதீர்கள், ஆவண வேலைக்கு வாருங்கள். ஊர் மாறிப் போக வேண்டி வந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே சொல்லி, கடைசிச் சந்திப்பு எது என்று இருவருக்கும் தெரிந்து முடிய வேண்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு செய்ய ஒரு நல்ல காரியம், அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுப்பது. கேள்வி கேட்பது பிள்ளை, நீங்கள் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆள். 1930-களின் இறுதியில் அரசு ஏற்பாட்டில், அடிமைகளாக இருந்த 2,300-க்கும் மேற்பட்ட முதியவர்களின் வாக்குமூலங்கள் பதிவாயின. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சார்ல்ஸ்டனில் ஒரே மூதாட்டியை ஒரு வெள்ளைப் பெண்ணும் பிறகு ஒரு கறுப்பின ஆணும் பேட்டி எடுத்திருக்கிறார்கள். முதலாமவரிடம் எஜமான் நல்லவர் என்கிறார். இரண்டாமவரிடம் சவுக்கடியையும் பிள்ளைகள் விற்கப்பட்டதையும் சொல்கிறார். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். எனவே பேத்தி கேட்கட்டும். போனை விமான நிலைக்கு மாற்றுங்கள், மின்விசிறியையும் டிவியையும் அணையுங்கள், போனைப் பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் துணி விரித்து வையுங்கள், மேசை அதிர்வு பதிவாகாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பள்ளிக்கு எந்த வழியாக நடந்தீர்கள், எந்த வீட்டைத் தாண்டும்போது வேகமாக நடந்தீர்கள் என்று கேட்டால் கதை வரும். பதிவை யார் கேட்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று பிரதி, மூன்று இடம்.

இனி கல்லறைகள். உயிரோடு இருக்கும்போது தனி வரிசை, செத்த பிறகும் தனித் தோட்டம் என்றிருந்த காலத்தில் கறுப்பின மக்கள் தங்கள் சேமிப்பில் நிலம் வாங்கித் தங்கள் பெரியவர்களைப் புதைத்தார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் எவர்கிரீன், ஈஸ்ட் எண்ட் என்று அடுத்தடுத்து இரண்டு தோட்டங்கள் உண்டு. 1903-இல் வங்கி தொடங்கிய மேகி வாக்கர் எவர்கிரீனில்தான் கிடக்கிறார். ஈஸ்ட் எண்டின் பரப்பு 16 ஏக்கர், 1897-இல் தொடங்கியது. நிரந்தரப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்காமல் விற்கப்பட்ட மனைகள் அவை. சந்ததியினர் வேலை தேடி வடக்கே போனார்கள், நிர்வாகம் நொடித்தது, ஐவிக் கொடியும் மரங்களும் மூடிக்கொண்டன. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படைவீரர்களின் கல்லறைகளுக்கு அந்த மாநிலம் பல பத்தாண்டுகள் பணம் கொடுத்து வந்தது. இந்த இரண்டு தோட்டங்களுக்கும் அப்படிப் பணம் கொடுக்க வழி செய்யும் சட்டம் வந்தது 2017-இல்தான். அதற்கு முன்பிருந்தே தன்னார்வலர்கள் வார இறுதிகளில் கொடி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நாடெங்கும் இப்படிப்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

போவதற்கு முன் அனுமதி. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், அங்கே புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் வேறு. இரு தரப்பையும் கேட்க வேண்டும், முதலில் குடும்பங்களை. செடி கொடி வெட்ட ஏற்ற காலம் இலையுதிர்ந்த பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை. உண்ணியும் பாம்பும் குறைவு, தரையின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். கல் கழுவ ஏற்றது அதற்குப் பிறகு. பகலில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, இரவில் உறைபனி வரும் என்றாலோ கழுவக் கூடாது, கல்லுக்குள் ஊறிய நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். அதனால் வட மாநிலங்களில் பிப்ரவரியில் கல் கழுவும் நிகழ்ச்சி வைப்பதே தவறு.

முதல் நாள் எதையும் தொடாதீர்கள். படம் எடுங்கள், வரைபடம் போடுங்கள். இந்தத் தோட்டங்களில் குப்பை போலத் தெரிவது பலதும் குப்பை அல்ல. கிளிஞ்சல், உடைந்த பீங்கான் கிண்ணம், மருந்துப் பாட்டில், விளக்கு, நின்றுபோன கடிகாரம் எல்லாம் இறந்தவருக்காக வைத்தவை. யக்காச் செடியும் தேவதாரு வகை மரமும் கல்லுக்குப் பதிலாக நட்ட அடையாளங்கள். நம் நித்தியகல்யாணிக்குத் தூரத்துச் சொந்தமான பெரிவிங்கிள் கொடி தரையில் படர்ந்து நீலப் பூ பூத்திருந்தால், கீழே கல்லறைகள் இருப்பதற்கு அது ஒரு சாட்சி. கிழக்கு மேற்காக நீண்ட பள்ளம், தலைமாட்டில் செதுக்காத ஒரு கல் என்றால் அதுவும் கல்லறைதான். சுத்தம் செய்கிறோம் என்று ஒரே காலையில் இவற்றை வாரிக் கொட்டிவிட்டால் அந்த மனிதர் இரண்டாம் முறை காணாமல் போகிறார். செடியைத் தரையோடு வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள், வேர் எலும்புகளைச் சுற்றிப் போயிருக்கும். நைலான் நூல் சுழலும் புல்வெட்டியைக் கல்லிலிருந்து ஓர் அடி தள்ளியே நிறுத்துங்கள், சலவைக்கல்லின் அடியை அது அரித்துவிடும். கல்லை ஒட்டிய புல்லைக் கைக்கத்தரியால் வெட்டலாம்.

கழுவுவதற்கு 10 பேருக்கு வேண்டியவை: மென்மையான நைலான் அல்லது நாரினால் ஆன பிரஷ் 10, பழைய பல்தேய்க்கும் பிரஷ் 10, மூங்கில் குச்சிகள் ஒரு கட்டு, வாளி 5, கைப்பம்பு தெளிப்பான் 3, ஒரு கல்லுக்குச் சுமார் 15 லிட்டர் நல்ல தண்ணீர். தோட்டத்தில் குழாய் இருக்காது, தண்ணீரை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும், பலர் கோட்டை விடுவது இதில்தான். மருந்து என்றால் டி-2 என்ற உயிரித் துப்புரவுத் திரவம் மட்டும். படைவீரர் கல்லறைகளிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். பிளீச் வேண்டவே வேண்டாம், அது உப்பாகக் கல்லுக்குள் தங்கி உள்ளிருந்து பொரிய வைக்கும். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் கூடாது, சலவைக்கல் அமிலத்தில் கரையும். கம்பி பிரஷும் அழுத்த நீரடிப்பானும் நூறு வருட எழுத்தை ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிடும்.

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். சர்க்கரை போல உதிர்ந்தாலோ, மெல்லத் தட்டும்போது உள்ளே பொள்ளலாகக் கேட்டாலோ, கல் ஆடினாலோ அதை விட்டுவிடுங்கள். நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் வழிந்து கறையாகும். பாசியை மூங்கில் குச்சியால் எழுத்துக்குள்ளிருந்து எடுங்கள். டி-2 தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் தேய்த்து, நிறைய நீர் விட்டு அலசுங்கள். ஒரு கல்லுக்கு இருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கல்லுக்குப் பணமில்லாத குடும்பங்கள் சிமெண்டு ஊற்றி, காய்வதற்கு முன் ஆணியாலோ விரலாலோ பெயர் எழுதிய கற்கள் இந்தத் தோட்டங்களில் நிறைய உண்டு. எழுத்து திரும்பியிருக்கும், வரி சாய்ந்திருக்கும். அவற்றைத் தண்ணீர் மட்டும் விட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். எழுத்து தெரியாவிட்டால் சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் பூசாதீர்கள். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்தின் நிழல் எழும், அப்போது படம் எடுங்கள். விழுந்த கல்லைத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். ஒரு கன அடி சலவைக்கல் 75 கிலோவுக்கு மேல், விரல் போய்விடும். அதைச் சிமெண்டில் புதைத்து நிறுத்துவதும் தவறு, சிமெண்டு கல்லைவிடக் கடினம், கல்தான் உடையும்.

படித்த பெயரையும் தேதியையும் அன்று மாலையே தாளில் எழுதி, இருவர் தனித்தனியாகச் சரிபார்த்து, குடும்பத்தாரிடமும் அருகிலுள்ள நூலகத்திடமும் கொடுங்கள். பிப்ரவரியில் ஆவணத்தில் தட்டச்சு செய்த பெயரோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் குழுவிலேயே ஆள் இருப்பார்.

கழுவிய அன்று கல் வெள்ளையாகிவிடாது. சாம்பல் நிறமாக, ஈரமாக நிற்கும். வந்தவர்கள் சிலர் முகம் வாடி இன்னொரு முறை அழுத்தித் தேய்க்கப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். டி-2 கல்லுக்குள் இருக்கும் பாசியை மெதுவாகக் கொன்றுகொண்டே இருக்கும். மழையும் வெயிலும் சேர்ந்து அதை வாரக்கணக்கில் வெளியேற்றும். ஐந்தாறு வாரம் கழித்து வழிகாட்டும் பிள்ளையையும் அவர் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு காலை வெயிலில் போங்கள். பெயரைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும்.